வாழையிலையில் ஒளிந்திருந்த கோதுமை

பிரிக்பீல்ட்சில் ஒரு நாள் முழுக்கக் கோதுமை வாயில் படாமல் சாப்பிட முடியுமா? இதென்ன கேள்வி என்பீர்கள். காலையில் இட்லி, மதியம் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் ஓர் உளுந்து வடை, இரவுக்கு இடியாப்பம். அரிசியும் உளுந்தும் பருப்புமாகவே பொழுது போய்விடும். எனக்குச் சீலியாக் நோய் என்று உறுதியான அன்று மருத்துவரும் இதையேதான் சொன்னார். "நீங்கள் தமிழ்ப் பெண். இத்தாலிக்காரருக்குத்தான் இது பெரிய கஷ்டம். நீங்கள் ரொட்டி சானாயை மறந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி."

ரொட்டி சானாயை மறந்தேன். மீ கோரெங், பிஸ்கட், கேக் எல்லாவற்றையும் மறந்தேன். ஒன்றரை ஆண்டு வயிறு சொன்ன பேச்சைக் கேட்டது. ரத்தசோகை குறைந்தது. இழந்த எட்டுக் கிலோவில் ஆறு கிலோ திரும்ப வந்தது. அதன்பின் வீட்டிலிருந்தே பார்த்துவந்த வேலையை விட்டு, கேஎல் சென்ட்ரலில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்தேன். தினமும் கிள்ளானிலிருந்து ரயில். மூன்றாவது மாதம் பழைய கதை ஆரம்பித்தது. மதியம் மூன்று மணிக்கு வயிறு மத்தளம்போல உப்பும். இரவில் முறுக்கிப் பிடிக்கும். மறுநாள் எந்த நிலையத்தில் கழிப்பறை உருப்படியாக இருக்கும் என்ற கணக்கோடுதான் ரயில் ஏற வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு துண்டு ரொட்டிகூடத் தொடவில்லை.

ரத்தப் பரிசோதனையில், இயல்புக்கு வந்திருந்த எதிர்ப்பொருள் அளவு மறுபடி ஏறியிருந்தது. மருத்துவர் விரல்விட்டு எண்ணினார். பால் சர்க்கரை செரிக்காமல் இருக்கலாம். சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம். கணையச் சுரப்பு குறைந்திருக்கலாம். அரிதாக, பத்தியத்துக்கும் அடங்காத வகையாக நோயே மாறியிருக்கலாம். இந்தக் கடைசி வகை சிலருக்குக் குடல் புற்றுநோய் வரை போகும் என்பதை அவர் சொல்லவில்லை. அன்றிரவு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். "எதிர்ப்பொருள் ஏறியிருப்பதால் முதலில் ஒன்றைத்தான் தேடவேண்டும். எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடியுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

சீலியாக் என்பது கேஸ்ட்ரிக் அல்ல, அலர்ஜியும் அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் ரப்பர்போல இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். சிலருடைய உடலில் இந்தப் புரதம் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் குழம்பிப்போய்த் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் துவாலையின் இழைகள்போல நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் மழுங்கிப்போகின்றன. சாப்பிட்டது ஒட்டாது. சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் வெறும் ரத்தசோகையும் அசதியும். மாத்திரை மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்க ஒதுக்குவதுதான் மருந்து.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எந்த நாள், எங்கே, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வலித்தது என்று எழுதத் தொடங்கினேன். ஆறு வாரத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சனி, ஞாயிறுகளில் வயிறு அமைதி. செவ்வாய் தொடங்கி வெள்ளிவரை போராட்டம். கிள்ளானில் ஒன்றுமில்லை, பிரிக்பீல்ட்சில் ஏதோ இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேர ரயில். ஷா ஆலம், சுபாங் ஜெயா, பெட்டாலிங், அங்காசாபுரி என்று போகிற இந்தத் தடம் பழையது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் குடாவரை முதலில் தண்டவாளம் போட்டார்கள். ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் ரயில் வந்தது 1890-இல். ஈயமும் ரப்பரும் துறைமுகத்துக்குப் போன பாதையில்தான் அரிசியும் ஆட்களும் உள்ளே வந்தார்கள். கோதுமையும் அப்படித்தான். இந்த நாட்டில் கோதுமை விளைச்சல் கிடையாது. நாம் கிழித்துத் தின்னும் ஒவ்வொரு ரொட்டி சானாயும் கப்பல் ஏறி வந்த மாவு. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் தாத்தாக்களுக்கு ரேஷன் அரிசிதான் தெரியும். மாவு பின்னால் வந்த பழக்கம்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்கே ஒரு காரணம் உண்டு. 1881-இல் கோலாலம்பூரைத் தீ தின்றது, அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் குடிசைகள் போதும், இனிச் செங்கல் கட்டடம் என்று வெள்ளைக்கார நிர்வாகம் முடிவெடுத்ததும் களிமண் கிடைத்த இந்தப் பகுதியில் செங்கல் சூளைகள் எழுந்தன. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழகத்துத் தொழிலாளிகளும் வந்தார்கள். ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயில், கொஞ்சம் தள்ளிப் புத்த விகாரை, விவேகானந்த ஆசிரமம், பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்த பிறகு வளைவுகளும் வண்ணங்களும் கூடிவிட்டன. எனக்கு வளைவுகளைவிட வாசனை முக்கியம். சென்ட்ரலிலிருந்து துன் சம்பந்தன் சாலைக்கு இறங்கியதும் முதலில் மல்லிகை, அடுத்து ஊதுவத்தி, அடுத்து கொதிக்கிற சாம்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கடை வாசலில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

அந்தச் சாம்பார் வாசனையில்தான் விஷயமே இருந்தது.

என் நோட்டுப் புத்தகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வாழையிலைச் சாப்பாடு என்று இருந்தது. அப்பளத்தை எண்ணெய்ச் சட்டி காரணமாக ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். பூரி பொரித்த எண்ணெயில்தான் அப்பளமும் பொரிகிறது. சைவக் கடைகளின் 'மட்டன்' வறுவலையும் தொடுவதில்லை. அந்தப் போலி இறைச்சியில் பெரும்பாலும் சோயாவோடு கோதுமைப் புரதமும் சேரும். சில வகைகள் கிட்டத்தட்ட சுத்தமான குளூட்டன்தான். சோற்றைச் சந்தேகிக்க வழியில்லை. மீதி இருந்தது சாம்பார், ரசம், கூட்டு, மோர்.

மதிய நெரிசல் அடங்கிய ஒரு நாள், கடைக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே கரண்டியோடு இருந்தவர் ராமநாதபுரத்துப் பையன்.

"தம்பி, சாம்பார்ல மாவு எதுவும் கரைச்சு ஊத்துவீங்களா?"

"அய்யய்யோ, அந்த வேலையே கிடையாதுக்கா. பருப்புதான். வேணும்னா நீங்களே பாத்துக்கங்க."

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். மஞ்சள், மிளகாய், மல்லி, சீரகம், வெந்தயம். கடைசியில் வெள்ளை நிறப் பெரிய டப்பா ஒன்று. திறக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. பெருங்காயத் தூள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'கூட்டுப் பெருங்காயம்' என்ற தலைப்பின் கீழ் எறும்பளவு எழுத்தில் சேர்மானங்கள் இருந்தன. பிசின், கோதுமை மாவு, பெருங்காயம்.

"இதுல கோதுமை மாவா?" என்று அந்தத் தம்பியே வாய்பிளந்தார். பதினோரு வருஷமாகச் சமைக்கிறாராம்.

நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் வறண்ட மலைகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால். காய்ந்தால் பிசினாகும். அது அப்படியே இருந்தால் நெடி தாங்காது. ஒரு கடுகளவு கூடினால் குழம்பு கெட்டுவிடும். அதனால் வேலம் பிசினும் மாவும் சேர்த்து நீர்க்கச்செய்து விற்கிறார்கள். கட்டிப் பெருங்காயமானாலும் தூளானாலும் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்தக் கூட்டுதான். சேர்க்கிற மாவு சில கம்பெனிகளில் கோதுமை, சிலவற்றில் அரிசி. இந்தியா இவ்வளவு பெருங்காயம் தின்றும் அந்தச் செடியை அங்கே பயிரிடத் தொடங்கியதே 2020 அக்டோபரில்தான், இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். நூற்றாண்டுக் கணக்காக நாம் தாளித்தது எல்லாமே இறக்குமதிச் சரக்கு.

ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் எவ்வளவு கோதுமை இருந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால் அந்த உணவைக் 'குளூட்டன் அற்றது' என்று சொல்லலாம் என்பது உலக அளவிலான உணவுத் தர விதி. வீட்டுச் சாம்பாரில் ஒரு சிட்டிகை விழுந்தால் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடவும் கூடும். ஆனால் கடைச் சமையலில் சிட்டிகை கிடையாது, கரண்டிதான். சாம்பாரில் ஒரு கரண்டி, ரசத்தில் ஒரு கரண்டி, கூட்டுத் தாளிப்பில், மோரில், ஊறுகாயில். 2007-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்ட சீலியாக் நோயாளிகளின் குடல்சுவரில் பாதிப்பு தெரிந்தது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் இரண்டு கிராம் இருக்கும். அதை நாற்பது துணுக்காகப் பிய்த்து, ஒரு துணுக்கைத் தினம் தின்றால் போதும் என்று அர்த்தம். பெருங்காயம் மட்டும் அந்த அளவை எட்டியதா என்பது எனக்கு நிச்சயமில்லை. துணைக்கு இன்னொன்றும் இருந்தது. காலையில் அவசரத்துக்கு நான் தோசை வாங்கும் மாமாக் கடையில், ரொட்டி சானாயும் தோசையும் ஒரே கல்லில். மாவு தட்டிய கையால்தான் தோசையைத் திருப்பிப் போடுகிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. காலை ஏழரை மணிக்கு முப்பது பேர் நிற்கும் கடையில் எனக்கென்று தனிக் கல் போடச்சொல்ல முடியாது.

கிள்ளானில் ஏன் வலிக்கவில்லை என்பதற்கு விடை அம்மாவிடம் கிடைத்தது. "நம்ம வீட்டு ரசத்துல பெருங்காயம் போடுவீங்களா?" என்றேன். "அது எதுக்கு?" என்றார். காப்பார் பக்கம் தோட்டத்து லாயத்தில் பிறந்து வளர்ந்தவர். பாட்டி காலத்திலிருந்து மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம்தான். பெருங்காயம் காசுள்ளவர்கள் வாங்கும் சரக்கு. இல்லாமலே பழகி, வசதி வந்தபின்னும் அப்படியே விட்டுவிட்டார். அந்த ஒன்றரை ஆண்டு என் குடலைக் காப்பாற்றியது அந்தத் தோட்டத்து ரசம்.

இப்போது தெங்கு கிளானா சாலையில் நான் சாமான் வாங்கப் போனால் நேரமாகிறது. கிள்ளான் லிட்டில் இந்தியா பிரிக்பீல்ட்ஸ் மாதிரி மெருகேறிய இடமல்ல. பட்டுக் கடை, பாத்திரக் கடை, பூக்கடை, நடுவே மசாலா அரைத்துத் தரும் மில். தீபாவளிக்கு முந்தைய வாரம் கால் வைக்க இடம் இருக்காது. மளிகைக் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படிக்கிற என்னைப் பார்த்து, கல்லாவிலிருக்கும் அண்ணாச்சி முதலில் சந்தேகப்பட்டார். "என்ன தங்கச்சி, தேதி பாக்குறியா? எல்லாம் புதுச் சரக்குதான்." விஷயத்தைச் சொன்னதும் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்துவிட்டார். அரிசி மாவில் செய்த பெருங்காயத்தை அவரே அலமாரியின் பின்னாலிருந்து துழாவி எடுத்தார்.

இங்கே ஒரு வசதி உண்டு. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பாக்கெட்டில் விற்கும் உணவில் குளூட்டன் உள்ள தானியம் எதுவும் சேர்ந்திருந்தால் அதை லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும். மலாயில் 'கண்டும்' என்றால் கோதுமை, 'பார்லி' பார்லியேதான். இந்த இரண்டு சொல்லையும் தேடப் பழகினால் எதிர்பாராத இடமெல்லாம் தென்படும். கிச்சாப்பில் கோதுமை. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும். நாம் குழந்தைக்குப் பெருமையாகக் கலக்கிக்கொடுக்கும் மைலோவில் பார்லி மால்ட். அதனால் சாதாரண மீஹூன், அரிசியில் செய்ததுதானே என்று கோரெங் போடச்சொன்னால், கிச்சாப் வழியாகக் கோதுமை வந்து சேர்ந்துவிடும். கிள்ளானுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பாக் குட் தே சூப்பிலும் கிச்சாப் உண்டு என்பதை, அதை விரும்பிச் சாப்பிடும் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

லேபிள் பாக்கெட்டுக்குத்தான் உண்டு. அத்தை வீட்டு அடுப்புக்குக் கிடையாது. இதில்தான் நான் அதிகம் தவித்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் கூட்டத்தோடு நின்று வெளியே வந்தால், யாராவது கையில் ஒரு கரண்டி பிரசாதம் வைப்பார்கள். கேசரி என்றால் ரவை. ரவை என்றால் கோதுமை. புளியோதரையில் பெருங்காயம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "அலர்ஜி" என்றால் "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று பதில் வரும். "சீலியாக்" என்றால் முகத்தில் கேள்விக்குறி. கடைசியில் ஒரு பெரியம்மாதான் வழி காட்டினார். என் விளக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீ பத்தியத்துல இருக்கேன்னு சொல்லு" என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருக்கிறது. பத்தியம் என்றால் நம் ஆட்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை. வற்புறுத்துவதும் இல்லை. அத்தை இப்போது எனக்காகத் தனிச் சட்டியில் தாளிக்கிறார். "பத்தியக்காரி வர்றா" என்று வாசலிலிருந்தே குரல் கொடுக்கிறார்.

நம்மவர்களுக்கு இந்த நோய் வராது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. கண்டுபிடிக்கும் முன் நான் நான்காண்டு கேஸ்ட்ரிக் மாத்திரை விழுங்கியதற்கும் அது ஒரு காரணம். 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று இதை அழகாக உடைத்துக் காட்டியது. ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். வேலூரில் பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவில்தான். சரி, தமிழன் தப்பித்தான் என்று மகிழும் முன் அடுத்த கணக்கைப் பாருங்கள். இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே சுமார் 38 விழுக்காட்டினருக்கு இருந்தது, தெற்கே சுமார் 36 விழுக்காட்டினருக்கு. ஏறக்குறைய சமம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தட்டில் இருந்தது. ஹரியானாவில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், வேலூரில் 25 கிராம். மரபணு இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லைதான். ஆனால் வருவதற்கான வித்து நமக்கும் இருக்கிறது.

அந்த வித்தைச் சுமந்துகொண்டு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாம். காலையில் ரொட்டி சானாய் வைத்துப் பசியாறி, பத்து மணிக்கு பிஸ்கட், மதியம் மீ கோரெங், இரவு சப்பாத்தி என்று ஆகிவிட்டது நம் தட்டு. சர்க்கரை நோய் வந்தவர்களுக்குச் 'சோற்றை விடு, கோதுமை சாப்பிடு' என்று உபதேசம் வேறு. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 562 இளைஞர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 1.25 விழுக்காட்டினரிடம் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று இனத்தவரும் சோதிக்கப்பட்டார்கள்.

கோதுமைதான் காரணம் என்பதே மருத்துவத்துக்குப் பிந்திக் கிடைத்த தகவல். வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு 1930-களிலிருந்தே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950-இல் அவர் இதை ஆய்வேடாக எழுதினார். அதே ஆண்டுகளில் இங்கே ஜப்பான்காரன் காலம். தோட்டங்களில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். எங்கள் பாட்டி கடைசிவரை மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கோ அவித்த மரவள்ளியும் சம்பாலும் இப்போது நம்பிச் சாப்பிடக்கூடிய மாலைப் பலகாரம். பாசார் மாலாமில் மூன்று வெள்ளிக்குக் கிடைக்கிறது. பாட்டி இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

வெளியே நான் தைரியமாகச் சாப்பிடுவது இன்னும் சில உண்டு. தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துத் தரும் இடியாப்பம், அதாவது மலாய்க்காரர்களும் விரும்பும் புத்து மாயாம். மாவு அரிசி மட்டும்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். நாசி லெமாக்கில் சோறு, முட்டை, நெத்திலி, வெள்ளரி. பிரிக்பீல்ட்சில் அந்த ராமநாதபுரத்துத் தம்பி நான் வருகிற நாளில் பெருங்காயம் சேர்க்கும் முன்பே ஒரு கிண்ணம் சாம்பாரைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். "அக்கா சாம்பார்" என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து எதிர்ப்பொருள் இறங்கியது. எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், முழுக்க இல்லை. கோதுமை நின்ற பிறகும் தே தாரிக் குடித்தால் வயிறு உப்பியது. மழுங்கிய குடலுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுமாம். குடல் ஆறினால் பலருக்கு அது திரும்பும் என்கிறார் மருத்துவர். அதுவரை கோப்பி ஓ. கோதுமை மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் இருப்பதும் ஆபத்து என்று அவர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். அதேபோல இன்னொன்று: சந்தேகம் வந்ததும் நாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

இந்தச் சிக்கலில்தான் இப்போது அம்மா இருக்கிறார். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இந்த நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் எல்லாரையும் சோதிக்கச் சொன்னார்கள். தம்பிக்கு இல்லை. அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க ரத்தசோகை. தோட்டத்து டிரசர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையிலிருந்து இன்றைய கிளினிக் மாத்திரைவரை தின்று தீர்த்தவர். ஆனால் எனக்காகச் சமைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவரும் கோதுமையைத் தொடவில்லை. "பிள்ளை திங்காததை நான் மட்டும் எப்படித் திங்கிறது?" மரபணுச் சோதனையில் அந்த வித்து அவரிடம் இருப்பது தெரிந்தது. நோய் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் ஆறு முதல் எட்டு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்கிறார் மருத்துவர். சாப்பிட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்குப் பயம். "இந்த வயசுல தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார். போன மாதம் மறுபடி ஹீமோகுளோபின் இறங்கியதும் அவராகவே ஒத்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை கிள்ளான் நிலையத்துக்குப் பக்கத்து மாமாக் கடைக்கு அழைத்துப் போனேன். ஒரு ரொட்டி சானாய், பருப்புக் கறி. இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தொடாதது. அம்மா ஓரத்தைப் பிய்த்துக் கறியில் தொட்டு வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரிசோதனைக்குத்தானே திங்கிறேன்" என்றவர், கடைக்காரப் பையனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "தம்பி, நாளைக்கு முட்டை போட்டது ஒண்ணு."

ரத்தம் எடுக்கும் தேதி அடுத்த மாதக் கடைசியில்.